பிள்ளைகளுக்குப் பலவகை உணவுகளைப் பழக்குவது எப்படி?

"என் பிள்ளை எதையுமே சாப்பிடுவதில்லை" என்ற புலம்பலை நாம் அடிக்கடி கேட்கிறோம். சற்று விசாரித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை எதையும் சாப்பிடாமல் இருப்பதில்லை என்பது புரியும். தோசைக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடும். வெறும் தயிர்ச்சோறு இறங்கும். பராட்டா, நூடுல்ஸ், பிஸ்கட், சிப்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். கீரை, காய்கறி, பருப்பு, மீன் என்று வரும்போதுதான் வாயை இறுக மூடிக்கொள்ளும். வயிறு நிறைந்துவிடுகிறது; ஆனால் நான்கைந்து பண்டங்களைத் தாண்டி எதுவும் உள்ளே போவதில்லை.

இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. 2019-21 காலகட்டத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இந்திய அளவில் இது 67.1 சதவீதம். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. இரும்புச்சத்து குறைந்த, ஒரே மாதிரியான உணவு அவற்றில் முக்கியமானது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் இது வரலாம். சோர்வு, பாடத்தில் கவனமின்மை, அடிக்கடி நோய்வாய்ப்படுதல் என்று அது வெளிப்படும்.

இன்னோர் இழப்பும் உண்டு. தாயும் பிள்ளையும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய சாப்பாட்டு நேரம், தினமும் மூன்று வேளை போராட்டமாக மாறிவிடுகிறது. பிள்ளைகள் ஏன் மறுக்கிறார்கள், நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

ஏன் மறுக்கிறார்கள்?

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நம்மை எதிர்க்க வேண்டும் என்பதற்காக உணவை மறுப்பதில்லை. அதற்கு இயற்கையான காரணங்கள் இருக்கின்றன.

இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் மனிதனின் பிறவிக் குணம். தாய்ப்பால் இனிப்பானது. பாகற்காய், வெந்தயக்கீரை போன்றவற்றின் கசப்பை நாக்கு பழகித்தான் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது காரணம், புதிய உணவைப் பற்றிய அச்சம். தவழ்ந்த குழந்தை நடக்கத் தொடங்கி, கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கும் வயதில் இந்த அச்சம் தலைகாட்டுகிறது. சுமார் 2 வயது முதல் 6 வயது வரை இது அதிகமாக இருக்கும். ஒரு வயதில் கீரையை ஆவலோடு சாப்பிட்ட பிள்ளை இரண்டரை வயதில் அதே கீரையைத் துப்புவதற்கு இதுவே காரணம். இதில் பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் 8 முதல் 11 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு, பிள்ளைகளுக்கிடையே இந்த அச்சத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மரபணுக்களே காரணம் என்று கண்டது. ஆகவே "நீ வளர்த்த லட்சணம்" என்று தாயைக் குறை சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது காரணம், வளர்ச்சியின் வேகம் குறைவது. பிறந்த குழந்தையின் எடை ஓராண்டில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதன்பின் ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். எனவே ஒரு வயதுக்குப் பிறகு பசி குறைவது இயல்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய அளவையே ஊட்ட முயலும்போதுதான் பல வீடுகளில் போராட்டம் தொடங்குகிறது.

ருசி எப்போது தொடங்குகிறது?

நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே தொடங்குகிறது. கர்ப்பிணி சாப்பிடும் உணவின் வாசனைகள் கருப்பையின் நீரிலும், பிறகு தாய்ப்பாலிலும் கலக்கின்றன. அமெரிக்காவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை முதன்முதலாக ஊட்டியபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் காயும் கீரையும் மறுப்பதில் தாய்க்கும் நன்மையில்லை, பிள்ளைக்கும் நன்மையில்லை.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் எட்டு உணவுப் பிரிவுகளில் குறைந்தது ஐந்து கிடைக்க வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. அந்த எட்டு: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு, கடலை வகைகள், பால் பொருட்கள், இறைச்சி, மீன், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த மஞ்சள் நிறக் காய்கனிகளும் கீரையும், மற்றக் காய்கனிகள். இன்று காலையிலிருந்து நம் பிள்ளைக்கு இவற்றில் எத்தனை கிடைத்தன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அதுவே நல்ல அளவுகோல்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து ஊட்டுவது பரவலாக உள்ள பழக்கம். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு அது சரி. அதன்பின் கையால் மசித்தது, சிறு கட்டிகள் உள்ளது, கையில் பிடித்துக் கடிப்பது என்று மாற வேண்டும். பத்து மாதத்துக்குப் பிறகும் மெல்ல வேண்டிய உணவைத் தொடங்காத குழந்தைகளுக்குச் சாப்பாட்டில் சிரமங்கள் கூடுதலாக இருந்ததாக இங்கிலாந்தில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியது.

யாருக்கு எந்தப் பொறுப்பு?

அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த ஓர் எளிய முறையை உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதன்படி, என்ன சமைப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது, எங்கே அமர்ந்து சாப்பிடுவது ஆகிய மூன்றும் பெற்றோரின் முடிவு. தட்டில் உள்ளதைச் சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு சாப்பிடுவது ஆகிய இரண்டும் பிள்ளையின் முடிவு.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. என்ன சமைப்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. எவ்வளவு சாப்பிடுவது என்பதை நாம் தீர்மானிக்கிறோம். மீன் குழம்பு வேண்டாம் என்றதும் உம்மா எழுந்து போய் முட்டை பொரித்து வருவார். பிறகு அந்தத் தட்டு காலியாகும்வரை விடமாட்டார். இரண்டுமே தவறான பாடத்தைக் கற்றுக்கொடுக்கின்றன.

இதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும், பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் ஒரு பொருளாவது தட்டில் இருக்கட்டும். அதனருகில் வீட்டார் சாப்பிடும் மற்றவை சிறிதளவு இருக்கட்டும். தனிச் சமையல் வேண்டாம். அளவைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது நல்ல கணக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று மேசைக்கரண்டி காய் போதும்; போதாவிட்டால் அதுவே கேட்கும்.

வற்புறுத்தினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் மழலையர் வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப்புகளைக் கொடுத்து, ஒன்றைக் குடிக்கும்போது மட்டும் "சூப்பை முடி, முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மற்றதற்கு எதுவும் சொல்லவில்லை. வற்புறுத்திய சூப்பைத்தான் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள். அதைப் பற்றித்தான் அதிகம் குறை சொன்னார்கள். 2006-ல் வெளியான ஆய்வு இது. மூக்கைப் பிடித்து ஊட்டுவது, அடிப்பது, பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துவது பற்றிச் சொல்லவே தேவையில்லை.

லஞ்சமும் அப்படித்தான். "கத்தரிக்காயைச் சாப்பிட்டால் சாக்லேட் தருகிறேன்" என்னும்போது, கத்தரிக்காய் என்பது கஷ்டப்பட்டுக் கடக்க வேண்டிய ஒன்று, சாக்லேட்தான் உண்மையான பரிசு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பாராட்ட வேண்டுமானால், "இன்று புதுசாக ஒன்றைத் தொட்டுப் பார்த்தாயே" என்று சொல்வதே போதும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். பிள்ளையின் காதுபட "இவனுக்குக் காயே பிடிக்காது" என்று விருந்தாளிகளிடம் சொல்வது. கேட்கக் கேட்க, அதுவே தன் அடையாளம் என்று பிள்ளை நம்பத் தொடங்கிவிடும்.

இந்த விஷயத்தில் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை நமக்கு நல்ல முன்மாதிரி. அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விருப்பமில்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தம் சமூகத்தாரின் ஊரில் பழக்கமில்லாத உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது அவர்கள் உண்ணவில்லை. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) உண்டதைத் தடுக்கவும் இல்லை. பழகாத உணவில் தயக்கம் வருவது இயல்பு என்பதும், வேண்டாம் என்றால் குறை சொல்லாமல் ஒதுக்கி வைக்கலாம் என்பதும் இதிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தக்கவை.

ஒரு முறை மறுத்தால் முடிந்துவிட்டதா?

இல்லை. பெற்றோர் மிக எளிதாகக் கைவிடும் இடம் இதுதான். இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "பிடிக்கவில்லை" என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை, சிலருக்கு அதற்கு மேலும், அதைச் சந்திக்க வேண்டியிருக்கும். சந்திப்பது என்றால் ஒவ்வொரு முறையும் விழுங்குவது என்று பொருளில்லை. பார்ப்பது, முகர்வது, தொடுவது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாமே முன்னேற்றத்தின் படிகள்தாம்.

முருங்கைக்கீரையை எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில், கீரை ஆயும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இலைகளை உருவச் சொல்லலாம். அன்று உம்மாவும் வாப்பாவும் அதைச் சாப்பிடுவதைப் பார்த்தால் போதும். அடுத்து, அடை மாவில் ஒரு கைப்பிடி கீரை சேர்த்துச் சுடலாம். பிள்ளை கீரையைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்தால் வைக்கட்டும். மூன்றாம் வாரத்தில், முட்டையோடு சேர்த்துப் பொரித்த கீரையை ஒரு தேக்கரண்டி அளவு தட்டின் ஓரத்தில் வைக்கலாம். நான்காம் வாரத்தில் பருப்போடு சேர்த்த கீரை. இடையில் ஒரு நாள் "நான் கொஞ்சம் பார்க்கிறேன்" என்று பிள்ளையே கேட்கலாம். கேட்காவிட்டால் சில நாட்கள் விட்டு மறுபடி தொடங்கலாம். ஒரே நேரத்தில் ஒரு புது உணவு போதும்.

பசியோடு இருக்கும்போது புதியதை முதலில் வையுங்கள். காய்ச்சலோ பல்வலியோ இருக்கும் நாளில் புதிய முயற்சி வேண்டாம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

பிள்ளை ஏற்கனவே விரும்பும் உணவே புதிய உணவுக்குப் பாலம். தாளிச்சாவின் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடும் பிள்ளைக்கு, அதில் குழைந்த கத்தரிக்காயையோ மாங்காய்த் துண்டையோ ஒன்றே ஒன்று சேர்த்து வைக்கலாம். நோன்புக் கஞ்சியை விரும்பாத பிள்ளைகள் குறைவு. பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் ஏற்கனவே உள்ள அந்தக் கஞ்சியை ரமழானுக்கு மட்டும் என்று வைக்காமல் மற்ற நாட்களிலும் காய்ச்சி, கேரட், பீன்ஸ், கொத்துக்கறி என்று மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். பொரித்த மீன் சாப்பிடும் பிள்ளைக்கு அதே மீனைப் புட்டாகச் செய்து கொடுக்கலாம். அதன்பின் குழம்பு மீன். உருளைக்கிழங்கு பிடிக்கும் என்றால் அதோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பிறகு மஞ்சள் பூசணி.

தோசை மாவில் பீட்ரூட்டையோ கீரையையோ அரைத்துச் சேர்ப்பது சத்துக்கு உதவும். ஆனால் ஒளித்துக் கொடுப்பது மட்டுமே வழியாகிவிடக் கூடாது. தான் சாப்பிடுவது பீட்ரூட் என்று தெரியாத பிள்ளை, பீட்ரூட்டைச் சாப்பிடக் கற்றுக்கொள்வதில்லை. கண்டுபிடித்துவிட்டால் தோசை மேலும் சந்தேகம் வந்துவிடும்.

கடைக்கு அழைத்துச் சென்று ஒரு காயை அதுவே தேர்ந்தெடுக்கச் சொல்வதும், பட்டாணி உரிப்பது, வெள்ளரிக்காய் கழுவுவது, சப்பாத்தி மாவு உருட்டுவது போன்ற சிறு வேலைகளைக் கொடுப்பதும் அச்சத்தைக் குறைக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

சேர்ந்து உண்பதன் பலன்

பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். வாப்பா காயை ஒதுக்கி வைத்துவிட்டு மகனைச் சாப்பிடச் சொன்னால் நடக்காது. பிள்ளைக்கு முதலில் ஊட்டி முடித்துவிட்டுப் பெரியவர்கள் பிறகு தனியே சாப்பிடும் வீட்டில், பெரியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. ஒரு நாளில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒரே விரிப்பில் அமர்வது அவசியம். ஒரே சஹனில் சேர்ந்து உண்ணும் நம் பழக்கம் இதற்கு மிகப் பொருத்தமானது. எல்லோர் கையும் ஒரே தட்டுக்குப் போகும்போது, பிள்ளையின் கையும் மெல்லப் போகும்.

ஒத்த வயதினரின் செல்வாக்கு இன்னும் அதிகம். மழலையர் பள்ளிப் பிள்ளைகளை, தங்களுக்குப் பிடிக்காத காயை விரும்பிச் சாப்பிடும் தோழர்களோடு சில நாட்கள் உட்கார வைத்தபோது, அவர்களும் அந்தக் காயைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதை 1980-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. வீட்டில் தொடாத உணவை அங்கன்வாடியிலும் பள்ளியின் சத்துணவு வரிசையிலும் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு இதுவே காரணம். நன்றாகச் சாப்பிடும் பெரியம்மா மகனை ஒரு நாள் சாப்பாட்டுக்கு அழைத்துப் பாருங்கள்.

பசி வர விடுங்கள்

பல பிள்ளைகள் சாப்பிடாததற்குக் காரணம், அவர்களுக்குப் பசியே இல்லை என்பதுதான். காலையில் பால், பத்து மணிக்கு பிஸ்கட், பதினொன்றரைக்கு ஜூஸ், அதன்பின் ஒரு மணிக்குச் சோறு என்றால் எப்படி இறங்கும்? மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிறுதீனி, அவற்றுக்கு நடுவே தண்ணீர் மட்டும் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. சிறுதீனியும் உணவாகவே இருக்கட்டும்: சுண்டல், கொய்யா, வாழைப்பழம், பேரீச்சம்பழம், அவித்த முட்டை.

ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டாம். அதிகப் பால் பசியை அடைப்பதோடு இரும்புச்சத்துக் குறைவுக்கும் வழிவகுக்கும். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு "கொஞ்சமா டீ" என்பதும் தேவையில்லை. அதற்கு மாறாக, கீரை, பருப்பு உணவோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்து இன்னும் எளிதாகச் சேரும். ஈரலை வாரம் ஒரு முறை, சிறிதளவு கொடுத்தால் போதும்.

செல்போன் காட்டி ஊட்டுவதை விட்டுவிடுங்கள். திரையில் மூழ்கிய பிள்ளை என்ன சாப்பிடுகிறோம் என்பதையும் அறியாது, வயிறு நிறைந்ததையும் அறியாது. சாப்பாட்டு நேரம் அரை மணிக்குள் முடியட்டும். சாப்பிடாவிட்டால் கோபமின்றித் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளை வரை காத்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

- ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள கிருமி வித்துக்கள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கலாம். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.
- முழு நிலக்கடலை, முந்திரி, முழுத் திராட்சை, பெரிய கேரட் துண்டு போன்றவை சிறு பிள்ளைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கடலையை விழுதாக அரைத்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுக்க வேண்டும். பிள்ளை ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ ஊட்டக் கூடாது.
- ஒவ்வாமைக்குப் பயந்து முட்டை, கடலை, மீன் ஆகியவற்றைக் காரணமின்றித் தள்ளிப்போட வேண்டியதில்லை. குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.
- பசியைத் தூண்டும் டானிக் என்று கடைகளில் விற்பதை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

உயரமும் எடையும் வயதுக்கேற்பக் கூடி வந்தால், பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லை. அங்கன்வாடியிலோ மருத்துவமனையிலோ எடையைக் குறித்து வையுங்கள். எடை குறைந்தாலோ மாதக்கணக்கில் கூடாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ வாந்தி வந்தாலோ, முன்பு சாப்பிட்டவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டு விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளே மிஞ்சினாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மண், சாம்பல், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்பதும், உள்ளங்கையும் கண்ணின் உட்புறமும் வெளுத்திருப்பதும் இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உணவின் மணமும் பதமுமே தாங்க முடியாததாக இருக்கும். அது அடம் அல்ல. அவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்களின் உதவி தேவை.

இந்த வாரம் ஒன்றை மட்டும் தொடங்கலாம். ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தேக்கரண்டி அளவு, வாரத்தில் இரண்டு மூன்று முறை, நாமும் சாப்பிட்டபடி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிள்ளையின் தட்டில் வையுங்கள். நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து முறை ஆகும்வரை "பிடிக்காது" என்ற முடிவுக்கு வராதீர்கள். இன்ஷா அல்லாஹ், அதற்குள்ளாகவே பல பிள்ளைகள் கையை நீட்டிவிடுவார்கள்.